வெப்ஸ்டர் என்றால் நெசவுக்காரி

2025 ஜனவரியில் சிட்னியில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு போ வெப்ஸ்டரை நினைவிருக்கும். ஆஸ்திரேலியாவுக்காக அவர் ஆடிய முதல் டெஸ்ட் அது. இந்தியாவுக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 57 ரன், இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 39. ஆறரை அடிக்கு மேல் உயரம். அந்த நெடிய மனிதரின் குடும்பப்பெயருக்கு ஆயிரம் வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் என்ன பொருள் தெரியுமா? தறியில் துணி நெய்கிற பெண்.

வெப் என்பது நெசவு. ஸ்டர் என்பது அதைச் செய்பவள். 1828இல் அமெரிக்க ஆங்கிலத்துக்குப் பெரிய அகராதி போட்டுக் கொடுத்த நோவா வெப்ஸ்டருக்கும் இதே பெயர்தான். ஆங்கிலத்தில் இப்படி ஸ்டர் என்று முடிகிற பழைய பெயர்ச்சொற்கள் ஒரு கூட்டமே இருக்கின்றன. பல இன்று வழக்கில் இல்லை. சில குடும்பப்பெயராக மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஒன்றிரண்டு பொருள் மாறி வசைச்சொல்லாகவே ஆகிவிட்டன. இந்த ஒரு வாலைப் பிடித்துக்கொண்டு போனால், இடைக்கால இங்கிலாந்தில் எந்தத் தொழில் யார் கையில் இருந்தது, எப்போது கைமாறியது என்பதெல்லாம் தெரியவரும்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குப் பகுதி, விகுதி புதிதில்லை. குறவன் ஆண், குறத்தி பெண். உழவன், உழத்தி. சொல்லின் கடைசி மாறினால் பால் மாறுகிறது. பழைய ஆங்கிலத்திலும் இப்படி ஓர் இணை இருந்தது. ஒரு வேலையை ஆண் செய்தால் சொல்லின் முடிவில் ‘எரெ’ வரும். பெண் செய்தால் ‘எஸ்ட்ரெ’ வரும். ‘எரெ’ காலப்போக்கில் தேய்ந்து இன்றைய ‘அர்’ ஆனது. பேக்கர், சிங்கர், டீச்சர் என்று நாள் முழுக்க நாம் சொல்கிறோமே, அதேதான். ‘எஸ்ட்ரெ’ தேய்ந்து ‘ஸ்டர்’ ஆனது.

இதற்கு நல்ல சாட்சி ஒரு துறவி. ஆல்ஃப்ரிக் என்பவர் 1000ஆம் ஆண்டையொட்டி, இலத்தீன் கற்கும் மாணவர்களுக்காகப் பழைய ஆங்கிலத்தில் ஓர் இலக்கண நூலும் சொற்பட்டியலும் எழுதினார். இலத்தீனில் பாடகனுக்கு ஒரு சொல், பாடகிக்கு ஒரு சொல். அவற்றை விளக்க அவர் தன் மொழியிலிருந்து எடுத்துக் கொடுத்த இணை: சாங்கெரெ, சாங்கெஸ்ட்ரெ. ஃபிடில் வாசிப்பவன் ஃபிதெலெரெ, வாசிப்பவள் ஃபிதெலெஸ்ட்ரெ. ஃபிடில் வாசித்த பெண்ணுக்குத் தனிச்சொல் இருந்தது என்றால், அப்படிப்பட்ட பெண்களை ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அந்தச் சொல் இன்று ஆங்கிலத்தில் இல்லை.

இன்னொரு சாட்சி மனதைப் பிசைகிறது. 10ஆம் நூற்றாண்டில் வின்ஃப்ளாட் என்ற செல்வச் சீமாட்டி எழுதிவைத்த உயில் ஒன்று இருக்கிறது. நிலம், நகை, உடை, படுக்கை விரிப்பு, பெட்டி என்று ஒவ்வொன்றும் யாருக்குப் போக வேண்டும் என்று அதில் சொல்கிறார். அந்தப் பட்டியலுக்கு நடுவே இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி க்ரென்செஸ்ட்ரெ, நூல் வேலையோ தறி வேலையோ செய்தவள். இன்னொருத்தி சேமெஸ்ட்ரெ, தையல்காரி. இருவரும் அடிமைகள், பெட்டியோடும் விரிப்போடும் சேர்த்து இன்னொருவருக்குக் கைமாற்றப்படுகிறார்கள். ஒருத்தியின் பெயர் எட்கிஃபு, மற்றவள் எதெல்கிஃபு என்று உயில் சொல்கிறது. க்ரென்செஸ்ட்ரெ என்ற சொல் நமக்குக் கிடைத்திருப்பதே இந்த உயிலில் மட்டும்தான். ஒரு சொல்லையும் இரண்டு பெண்களின் பெயரையும் அவர்களைச் சொத்தாக வைத்திருந்தவளின் உயில்தான் காப்பாற்றித் தந்திருக்கிறது.

சரி, ஸ்டர் என்றாலே எல்லாக் காலத்திலும் பெண் மட்டும்தானா? அவ்வளவு கறாராகச் சொல்ல முடியாது. பழைய ஆங்கில விவிலியத்தின் ஆதியாகமத்தில் எகிப்து மன்னனின் அப்பம் சுடுபவன் சிறைக்குப் போகிற கதை வரும். அவன் கண்ட கனவுக்குத்தான் யோசேப்பு பொருள் சொல்வார். அந்த ஆண் அங்கே ‘பாசெஸ்ட்ரெ’ என்றே அழைக்கப்படுகிறான். ரொட்டி சுடும் தொழிலில் இந்தச் சொல் மிகச் சீக்கிரமே இரு பாலுக்கும் பொதுவாகிவிட்டது போலிருக்கிறது. ஆகவே அறிஞர்களிடையே இதுபற்றி வாதம் உண்டு. பெரும்பாலும் பெண்பால், விதிவிலக்குகள் முதலிலிருந்தே உண்டு என்று வைத்துக்கொள்வது சரியாக இருக்கும்.

இப்போது குடும்பப்பெயர்களுக்கு வருவோம். மேலே சொன்ன பாசெஸ்ட்ரெதான் பாக்ஸ்டர் ஆனது: ரொட்டி சுடுபவள். ப்ரூஸ்டர், ஏல் என்ற மதுவைக் காய்ச்சுபவள். கெம்ப்ஸ்டர், ஆட்டுக் கம்பளியைச் சீப்பால் சீவிச் சிக்கெடுப்பவள். ஸ்காட்லாந்துப் பெயரான சாங்ஸ்டர், பாடுபவள். டெக்ஸ்டர், சாயம் போடுபவள். உச்சரிப்பில் கரைந்துபோனதால் விகுதி வெளியே தெரிவதில்லை, சொல்லின் முன்பாதியில் சாயத்தைக் குறிக்கும் ‘டை’ ஒளிந்திருக்கிறது. லிஸ்டர் என்பதும் சாயக்காரர்தான். முதலில் அது லிட்ஸ்டர். ‘லிட்’ என்றால் சாயமிடுதல், ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தவர்கள் விட்டுச்சென்ற சொல். அறுவைச் சிகிச்சையில் கிருமிநாசினியைக் கொண்டுவந்த ஜோசஃப் லிஸ்டர் பெயர் அது. அவர் பெயரை வைத்துத்தான் லிஸ்டரின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்துக்குப் பெயரிட்டார்கள். குளியலறை அலமாரியில் அந்தப் பாட்டில் இருந்தால், அதன் லேபிளில் ஓர் இடைக்காலச் சாயப்பட்டறைக் கூலி நின்றுகொண்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே தொழிலுக்கு எத்தனை பெயர் பாருங்கள்: வெப், வெப்பர், வீவர், வெப்ஸ்டர். நாலும் நெசவாளர் குடும்பங்களின் பெயர்களே. இங்கிலாந்தின் வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் வெப்ஸ்டரும் பாக்ஸ்டரும் மிகுதி. தெற்கில் வெப்பும் பேக்கரும் மிகுதி. காரணம் இதுதான்: வடக்கே ஸ்டர் விகுதி வெகு சீக்கிரமே ஆண்களுக்கும் பொதுவாகிவிட்டது. தெற்கே அது இன்னும் சில தலைமுறை பெண்பாலாகவே இருந்தது. குடும்பப்பெயர்கள் பரம்பரையாக நிலைபெற ஆரம்பித்த 13, 14ஆம் நூற்றாண்டுகளில், வடக்கே நெசவு செய்த ஆணையும் வெப்ஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை அவன் மகன் எடுத்துக்கொண்டான், பேரன் எடுத்துக்கொண்டான். பெயர் தந்தை வழியில் இறங்குவதால், அந்தப் பெயரை முதலில் சம்பாதித்துக் கொடுத்த பெண்கள் வம்சாவளியில் தெரியாமல் போனார்கள்.

சொல் மட்டுமா கைமாறியது? தொழிலும் மாறியது. மிதிபலகை வைத்த கிடைத்தறி 11ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு ஐரோப்பாவில் பரவியது. அதற்கு முன் சுவரோரம் செங்குத்தாகச் சாய்த்து வைத்த தறியில் வீட்டுப் பெண்கள் நெய்தார்கள். புதுத் தறியில் வேகம் அதிகம், துணி நீளம் அதிகம், விலையும் அதிகம். நகரத்தில் நெசவாளர் சங்கங்கள் உருவாயின. அவை ஆண்களின் சங்கங்கள். 1461இல் பிரிஸ்டல் நகரம் ஓர் ஆணை போட்டது. நெசவாளர்கள் தங்கள் மனைவியையோ மகளையோ வேலைக்காரியையோ தறியில் உட்காரவைக்கக் கூடாது என்பது அதன் சாரம். மன்னரின் போருக்குப் போகக்கூடிய ஆண்கள் வேலையில்லாமல் திரிகிறார்கள், அதற்கு இந்தப் பெண்களே காரணம் என்று அந்த ஆணை சொன்னது. ஏற்கெனவே தறியில் இருந்த மனைவிமாருக்கு மட்டும் விலக்கு. நெய்கிறவள் என்ற பொருளில் பிறந்த சொல்லுக்குச் சொந்தக்காரிகளைத் தறியிலிருந்தே எழுப்பிவிட்டார்கள்.

மதுத் தொழிலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 14ஆம் நூற்றாண்டில் வில்லியம் லாங்லாண்ட் எழுதிய ‘பியர்ஸ் பிளவ்மன்’ என்ற நெடுங்கவிதையில் ஒரு காட்சி வருகிறது. பெருந்தீனி என்ற பாவம் மனித உருவில் நடந்து தேவாலயத்துக்குப் பாவமன்னிப்பு கேட்கப் புறப்படுகிறது. வழியில் ஒரு வீட்டு வாசலில் பெட்டன் என்ற ப்ரூஸ்டர் நிற்கிறாள். பெட்டன் பெண் பெயர்தான். காலை வணக்கம் சொல்லி, எங்கே கிளம்பிவிட்டாய் என்று விசாரிக்கிறாள். கோயிலுக்கு என்கிறான் அவன். என்னிடம் நல்ல ஏல் இருக்கிறது, ருசி பார்க்கிறாயா என்கிறாள் இவள். காரமாகத் தொட்டுக்கொள்ள மசாலா ஏதாவது வைத்திருக்கிறாயா என்று அவன் கேட்க, மிளகு இருக்கிறது, பியோனி விதை இருக்கிறது, ஒரு ராத்தல் பூண்டு இருக்கிறது, விரத நாளுக்கென்று கொஞ்சம் சோம்பும் இருக்கிறது என்று கடகடவென்று அடுக்குகிறாள். அவ்வளவுதான், ஆள் உள்ளே போய்விட்டான். ஒரு கேலனுக்கு மேல் குடித்து முடிக்கிறான். மிளகு என்றதும் எனக்குக் காது நிமிர்ந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்து வரை போன மிளகு பெரும்பாலும் மலபார்க் கரையில் விளைந்தது.

பெட்டன் கற்பனைப் பாத்திரம். ஆனால் அவளைப் போன்றவர்கள் அன்றைய இங்கிலாந்தின் எல்லா ஊரிலும் இருந்தார்கள். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி எடுத்தால் மால்ட். அதை வெந்நீரில் ஊறவிட்டு வடித்து நொதிக்கவிட்டால் ஏல். நம் வீட்டில் தோசை மாவு அரைப்பது போல அங்கே வீட்டுக்கு வீடு நடந்த வேலை அது, பெண்களின் வேலை. ஏல் சில நாளிலேயே புளித்துவிடும். அதனால் குடும்பத்துக்குப் போக மிஞ்சியதை உடனே விற்றாக வேண்டும். புது ஏல் தயாரானதும் வாசலில் ஒரு கழியை நீட்டி, அதன் நுனியில் தழைக்கொத்தைக் கட்டிவைப்பார்கள். அதைப் பார்த்து ஆட்கள் வருவார்கள், ஊர் சார்பில் ருசி பார்த்துத் தரம் சொல்லும் அதிகாரியும் வருவார். அளவு குறைந்தால், விலை கூடினால் அபராதம். இந்த அபராதப் பதிவேடுகள்தான் இன்று வரலாற்று ஆய்வாளர்களுக்குப் புதையல். எந்த ஊரில் எந்தப் பெண் எத்தனை முறை ஏல் காய்ச்சினாள் என்பது அவற்றில் பதிவாகியிருக்கிறது.

அப்புறம் ஹாப்ஸ் வந்தது. ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ, கசப்பானது. அதைச் சேர்த்துக் காய்ச்சினால் மது வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். அதுதான் பீர். கடலுக்கு அப்பால் நெதர்லாந்துப் பக்கத்திலிருந்து வந்த இந்தப் பழக்கம் 15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வேர்விட்டது. கெடாத சரக்கை மொத்தமாகக் காய்ச்சலாம், பீப்பாயில் அடைத்துத் தூர ஊருக்கு அனுப்பலாம், கப்பலுக்கும் படைக்கும் விற்கலாம். அதற்குப் பெரிய செப்புக் கொப்பரை வேண்டும், கடன் வேண்டும், சங்கத்தில் இடம் வேண்டும். இவற்றில் எதுவும் அன்றைய பெண்ணுக்குச் சுலபமாகக் கிடைக்காது. திருமணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்வதே கஷ்டம். ஆகவே காசு பெருகப் பெருகத் தொழில் ஆண்கள் பக்கம் போனது. ப்ரூஸ்டர் ஒதுங்கி ப்ரூவர் முன்னே வந்தார்.

ஆனாலும் சட்ட மொழி பழைய சொல்லை லேசில் விடவில்லை. மதுக்கடைகளுக்கு உரிமம் வழங்க நீதிபதிகள் வருடத்துக்கு ஒருமுறை பிப்ரவரியில் கூடிய அமர்வுக்கு ‘ப்ரூஸ்டர் செஷன்ஸ்’ என்றே பெயர். 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் வரும்வரை அந்த ஏற்பாடு இங்கிலாந்தில் நீடித்தது. மால்ட் தயாரிப்பவருக்கு மால்ட்ஸ்டர் என்ற பெயர் இன்றும் பீர், விஸ்கி உலகில் சர்வசாதாரணம். குழாய் திறந்து மது ஊற்றிக் கொடுத்தவள் டாப்ஸ்டர். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் கதைத் தொகுப்பில் வருகிற துறவியைப் பற்றி, அவருக்குப் பிச்சைக்காரர்களைவிட ஊர் ஊராக இருந்த டாப்ஸ்டர்களை நன்றாகத் தெரியும் என்று எழுதுகிறார். அங்கே பிச்சை எடுக்கும் பெண்ணைக் குறிக்க அவர் போட்ட சொல் ‘பெகஸ்டர்’. எவ்வளவு தாராளமாக இந்த வாலை ஒட்டியிருக்கிறார்கள் பாருங்கள்! இருநூறு வருடம் கழித்து ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வருகிற டாப்ஸ்டர்கள் ஆண்கள்.

துணித் தொழிலில் இன்னும் சில சொற்கள் கிடைக்கின்றன. பட்டு இழைகளை முறுக்கிச் சேர்ப்பவர் த்ரோஸ்டர். 1455இல் இலண்டன் பட்டுக்காரிகளும் த்ரோஸ்டர்களும் சேர்ந்து ஒரு மனு கொடுத்தார்கள். இத்தாலியின் லாம்பார்டி வணிகர்கள் தயாரான பட்டுச் சரக்கைக் கொண்டுவந்து இறக்கி எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள், தடுங்கள் என்பது கோரிக்கை. விசைத்தறிச் சேலை வந்து குவியும்போது கைத்தறிக்காரர்கள் எழுப்புகிற குரலைக் கேட்டுப் பழகிய நமக்கு அந்த மனு அந்நியமாகத் தோன்றாது. லினன் துணியை வெளுத்து வெயிலில் விரித்துக் காயவைப்பவர் விட்ஸ்டர். தேம்ஸ் கரையில் டாச்செட் என்ற ஊர்ப் புல்வெளியில் இருந்த விட்ஸ்டர்கள் ஷேக்ஸ்பியரின் ஒரு நகைச்சுவை நாடகத்தில் வருகிறார்கள். ஃபால்ஸ்டாஃப் என்ற தடியரை அழுக்குத் துணிக் கூடைக்குள் திணித்து அவர்களிடம்தான் தூக்கிக்கொண்டு போகச் சொல்வார்கள்.

இவ்வளவு சொற்களிலும் ஒன்றே ஒன்றுதான் கடைசிவரை பெண்ணிடம் தங்கியது. ஸ்பின்ஸ்டர்.

ஸ்பின் என்றால் நூற்பது. ஒரு தறிக்குத் தீனி போடப் பல கைகள் ஓயாமல் நூற்க வேண்டும். பெரிய கருவி வேண்டாம். கதிரும் கம்பளியும் போதும். ஆடு மேய்த்துக்கொண்டே, அடுப்பைப் பார்த்துக்கொண்டே நூற்கலாம். கூலியோ சொற்பம். நெசவும் மதுவும் ஆண்களிடம் போன பிறகும் நூற்பு பெண்களிடமே இருந்ததற்குக் காரணம் அந்தச் சொற்பக் கூலிதான் என்று நான் நினைக்கிறேன். பிடுங்கிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. மணமாகாத பெண்ணுக்கு, சொந்த உழைப்பில் சோறு தின்ன, ஊர் முகம் சுளிக்காத வேலை அது.

1413இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. வழக்குப் பத்திரங்களில் ஆளின் பெயரை மட்டும் எழுதினால் போதாது, அவர் என்ன தொழில் அல்லது என்ன அந்தஸ்து, எந்த ஊர் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஆணுக்கு நெசவாளர், தச்சர், உழவர் என்று எழுதினார்கள். மணமான பெண்ணுக்கு இன்னாரின் மனைவி, கணவனை இழந்தவளுக்கு இன்னாரின் விதவை. மணமாகாதவளுக்கு என்ன எழுதுவது? அவள் செய்த வேலையை எழுதினார்கள்: ஸ்பின்ஸ்டர். எழுதி எழுதி 17ஆம் நூற்றாண்டில் அது வேலையின் பெயராக இல்லாமல் போய், மணமாகாத பெண் என்பதற்கான சட்டச் சொல்லாகவே நின்றுவிட்டது. கதிரைக் கையால் தொடாத சீமான் வீட்டு மகளும் பத்திரத்தில் ஸ்பின்ஸ்டர். அடுத்த நூற்றாண்டில் இன்னும் ஒரு படி இறங்கி, கல்யாண வயது தாண்டியும் கல்யாணம் ஆகாதவள் என்ற ஏளனம் அதில் ஏறிக்கொண்டது. அதே நிலையில் இருந்த ஆணுக்கு பேச்சிலர் என்ற சொல். அதில் இந்த ஏளனம் ஏறவே இல்லை.

பிரிட்டிஷ் ஆட்சியோடு சேர்ந்து இந்தச் சொல் நம் பக்கமும் வந்தது. நம்மூர்த் தேவாலயங்களின் திருமண ஏடுகளிலும் இலங்கையின் விவாகப் பதிவுகளிலும் மணமகள் பெயருக்குப் பக்கத்தில் ஸ்பின்ஸ்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெற்றோரின் திருமணச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் அதிலேயே இருக்கலாம். இங்கிலாந்தில், வேல்ஸில் 2005 டிசம்பரில் இதை விட்டுவிட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக ‘சிங்கிள்’ என்று எழுதுவது அன்றிலிருந்து வழக்கம்.

விகுதியின் பெண்பால் எவ்வளவு மறந்துபோனது என்பதற்குத் தையல்காரியின் சொல் ஒன்றே போதும். சேமெஸ்ட்ரெ என்பது சீம்ஸ்டர் ஆனது. தைப்பவள் என்பது அதிலேயே இருக்கிறது. ஆனால் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஸ்டர் என்பது யாருக்கும் பெண்ணாகக் கேட்கவில்லை. எனவே பிரெஞ்சிலிருந்து வந்த ‘எஸ்’ என்ற பெண்பால் விகுதியை அதன் மேல் ஒட்டி சீம்ஸ்ட்ரெஸ் ஆக்கினார்கள். குறத்தி என்ற சொல்லில் பெண் இருப்பது மறந்துபோய், அதன் மேல் இன்னொரு பெண்பால் விகுதியைப் போடுவது போன்ற காரியம் அது. சாங்ஸ்ட்ரெஸ், அதாவது பாடகி, அதுவும் இப்படி உருவானதே.

ஆண்களிடம் போன ஸ்டர்களில் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே மேன் தீவு இருக்கிறது. அங்கே உயர் நீதிபதிக்கு இன்றும் டீம்ஸ்டர் என்று பெயர். தீர்ப்புச் சொல்வது ‘டீம்’, சொல்பவர் டீம்ஸ்டர். டெம்ப்ஸ்டர் என்ற குடும்பப்பெயரும் இதுதான். பதவியேற்கும்போது டீம்ஸ்டர் எடுக்கும் உறுதிமொழி ஓர் அழகு: ஹெர்ரிங் மீனின் முதுகெலும்பு மீனுக்கு நட்ட நடுவில் கிடப்பது போல, இரு தரப்புக்கும் நடுவே பட்சபாதம் இல்லாமல் சட்டத்தை நடத்துவேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். மீன் பிடித்து வாழ்ந்த தீவின் நீதி அந்த ஒரு வரியில் தெரிகிறது. தராசை எல்லாரும் சொல்வார்கள். மீன் முள்ளைச் சொல்லத் தினமும் மீன் அறுத்த கை வேண்டும்.

16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு ஸ்டர் புது வேலை தேடிக்கொண்டது. சூதாடுபவர் கேம்ஸ்டர், மட்டமாகக் கவி கட்டுபவர் ரைம்ஸ்டர், ஏமாற்றுபவர் ட்ரிக்ஸ்டர், சிலேடையே பிழைப்பாகத் திரிபவர் பன்ஸ்டர். சில்லறை வியாபாரம் செய்த பெண்ணைக் குறித்த ஹக்ஸ்டர் என்ற பழைய சொல், பேசிப் பேசியே தலையில் கட்டுகிற ஆளைக் குறிக்கத் தொடங்கியது. விகுதிக்கே ஓர் இளப்பமான தொனி வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் கேங்ஸ்டர் பிறந்தபோது அந்தத் தொனி அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு மாப்ஸ்டர், ஹிப்ஸ்டர். கருத்துக்கணிப்பு எடுப்பவர் போல்ஸ்டர். எல்லாமே வசவு என்று சொல்லிவிடவும் முடியாது. இளைஞரைக் குறிக்கும் யங்ஸ்டரில் வாஞ்சைகூட உண்டு. குதிரைகளை அல்லது எருதுகளைச் சோடி சேர்த்துப் பூட்டி வண்டி ஓட்டியவர் டீம்ஸ்டர். நீதிபதியின் டீம்ஸ்டர் வேறு, இது வேறு, ஆங்கிலத்தில் எழுத்தே வேறு. 1903இல் தொடங்கிய அமெரிக்க வண்டி ஓட்டுநர் தொழிற்சங்கம் இன்று லாரி ஓட்டுநர்களின் சங்கம். ஆனாலும் அதன் பெயரில் டீம்ஸ்டர், சின்னத்தில் இரண்டு குதிரைத் தலை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்டர் என்று காதில் விழுவதெல்லாம் இந்த விகுதி ஆகாது. போஸ்டர், டோஸ்டர், டஸ்டர் இவற்றில் பகுதி போஸ்ட், டோஸ்ட், டஸ்ட். ஒட்டியிருப்பது வெறும் ‘அர்’. சேவலைக் குறிக்கும் ரூஸ்டரும் அப்படித்தான்: ரூஸ்ட் என்றால் பறவை அடையும் கிளை. மாஸ்டர், மினிஸ்டர், மான்ஸ்டர் மூன்றும் இலத்தீனிலிருந்து முழுசாக வந்தவை, பிரித்தால் ஒன்றும் மிஞ்சாது. மான்செஸ்டரின் ‘செஸ்டர்’ ரோமானியப் படைமுகாம். வெஸ்ட்மின்ஸ்டரின் ‘மின்ஸ்டர்’ மடாலயம். ஒரு சொல்லிலிருந்து ஸ்டரை மட்டும் கழற்றிப் பாருங்கள். மிச்சம் இருப்பது ஒரு வேலையாகவோ பொருளாகவோ குணமாகவோ நின்றால், பெரும்பாலும் நம் விகுதிதான்.

ஆங்கிலம் இழந்த பெண்பால் ஸ்டரை உயிரோடு பார்க்க ஆசையிருந்தால் கடலைத் தாண்ட வேண்டும். ஆங்கிலத்துக்கு நெருங்கிய சொந்தமான டச்சு மொழியில் இந்த விகுதி இன்றும் பெண்களுக்கே உரியது. நீந்துபவன் ஸ்வெமர், நீந்துபவள் ஸ்வெம்ஸ்டர். எழுத்தாளன் ஸ்க்ரைவர், எழுத்தாளர் பெண்ணாக இருந்தால் ஸ்க்ரைஃப்ஸ்டர். டச்சு அகராதியைப் புரட்டினால் ஸ்பின்ஸ்டர் என்ற சொல்லும் அதே எழுத்துகளில் இருக்கிறது. அங்கே அதற்குப் பொருள், நூல் நூற்பவள்.